செருப்பில்லாமல் வந்த இருபத்தொன்பது பேர்

அஜந்தா வென்றவற்றை அடுக்கத் தொடங்கினால் முதலில் வருவது 1992ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் குதிரை விலை. ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த வெளிச்சத்தில் படித்து, நாலு பாடத்தில் இரண்டு ஏ, இரண்டு பி எடுத்தாள். அடுத்தது இலண்டன் குரோய்டனில் ஆறு ஆண்டு இழுபட்ட அகதி வழக்கு. இரண்டு முறை மறுத்தார்கள், மூன்றாம் முறை 2001இல் அனுமதி கிடைத்தது. அந்த ஆறு ஆண்டுக்குள்ளேயே ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலையில் இருந்து, அதே ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைக்கு ஏறியிருந்தாள். பிறகு நாலு ஆண்டு மாலை வகுப்புக்குப் போய்ப் பட்டம். நாலாம் தடவையில் கார் லைசன்ஸ். கடைசியாக 2008 ஐப்பசியில் முனைவர் பட்டம். அன்று படம் எடுக்கவென்று முன்வரிசையில் இடம் பிடித்த அத்தான் கமெராவுக்குப் பற்றரி போட மறந்திருந்தார். அதனால் அதற்கு மட்டும் படம் இல்லை.

அத்தான் என்பது ஆனந்தராஜா, அஜந்தாவின் அக்கா சிவனேஸ்வரியின் கணவர். ஹவுன்ஸ்லோவில் மினிகாப், அதாவது வாடகைக் கார், ஓட்டுகிறார். சிவனேஸ்வரி பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் பெரிய சமையற்கூடத்தில் பத்தொன்பது ஆண்டாக வேலை. கோழிக்கறித் தட்டு எத்தனை மணிக்குக் குளிரறையை விட்டு வெளியே வந்தது, வரும்போது எத்தனை பாகை வெப்பம் இருந்தது, யார் கை வைத்தது என்று எழுதுவதுதான் அவளுடைய பொறுப்பு. அவள் எழுதிய தாளில் வெட்டு, திருத்தம் இருக்காது. ‘சிவா எழுதியிருந்தால் திரும்பப் பார்க்கத் தேவையில்லை’ என்று மேற்பார்வையாளர் சேகர் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வார்.

தங்கை என்ன ஆராய்கிறாள் என்று அவளுக்கு விளங்கியதே அந்தச் சமையற்கூடத்தை வைத்துத்தான்.

“அக்கா, கொழுப்பு தண்ணியில கரையாது. அப்ப இரத்தத்துக்குள்ள அது எப்பிடிப் போகும்?” என்று ஒருநாள் அஜந்தா கேட்டாள்.

“நீதான் சொல்லோணும்.”

“உங்கட சாப்பாடு பிளேனுக்கு எப்பிடிப் போகுது?”

“லொறியில.”

“அதுதான். புரதத்தால செய்த லொறி. கொழுப்புப்புரதம் எண்டு சொல்லுறது. சாப்பிட்ட உடன பெரிய பெரிய லொறியெல்லாம் றோட்டில இறங்கும். சாமானை இறக்கிப்போட்டு விடியிறதுக்குள்ள காணாமல் போயிடும். போகாமல் அங்கினேக்க நிண்டு சுத்துற மிச்ச லொறிகள்தான் நாடிச் சுவருக்குள்ள பூந்து அடைக்கிறது.”

அவள் தேடியதும் அதைத்தான். மெலிந்த உடம்போடு, சிகரெட் குடிக்காமல், நாற்பத்தைந்து வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற தமிழர்கள் இலண்டனில் ஏன் இத்தனை பேர்? அவர்களுடைய இரத்தத்தில் அந்த லொறிகள் வீடு திரும்பப் பிந்துகின்றனவா? அதைப் பார்க்கப் பன்னிரண்டு மணிநேரம் வெறும் வயிற்றோடு இருக்கிற தமிழர் நூறு பேரின் இரத்தம் தேவைப்பட்டது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது. ஆட்கள் எங்கே கிடைப்பார்கள் என்ற கேள்விக்கு ஹரோவில் ஒரு கோயில் பதில் சொன்னது. திருவெம்பாவைக் காலம், விடியற்காலையிலேயே சனம் கூடும், கோயிலோடு ஒட்டியபடி ஒரு மண்டபமும் இருக்கிறது என்றார் அங்கே காரியதரிசியாக இருந்த இராசரத்தினம்.

தை (ஜனவரி) மாதம் நாலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணியில் இருந்து பன்னிரண்டு மணி வரை தொண்ணூற்று நாலு பேர் கை நீட்டினார்கள். வாசல் மேசையில் இருந்தவள் சிவனேஸ்வரி. ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம் கொடுத்து, அஜந்தா தமிழில் எழுதிக் கொடுத்த கேள்வியை எழுத்துப் பிசகாமல் கேட்டாள்: நேற்றிரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஏதாவது சாப்பிட்டனீங்களோ, தேத்தண்ணி, கோப்பி குடிச்சனீங்களோ? எல்லோரும் இல்லை என்றார்கள். சிலர் அதைப் பெருமையோடு சொன்னார்கள். தேத்தண்ணி இல்லாமல் தலையிடிக்கிறது என்று இரண்டு பேர் அவளைத் திட்டவும் செய்தார்கள். தொண்ணூற்று நாலு படிவத்திலும் ‘இல்லை’ என்ற பெட்டிக்குள் அவள் சரி போட்டாள்.

படிவம் ஆய்வுகூடத்துக்குப் போனது. அதைவிட அவள் தன் வழக்கப்படி ஒரு கொப்பியிலும் எழுதினாள். இலக்கம், வந்த நேரம், பிறகு யாரும் கேட்காத ஒரு நிரல்: செருப்பு. மண்டபத்துக்கு இரண்டு வாசல். தெரு வாசலால் வருகிறவர்கள் செருப்பு, சப்பாத்தோடு வருவார்கள். கோயிலுக்குள்ளால் வருகிறவர்கள் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வருவார்கள். போகும்போது சப்பாத்தைக் காணவில்லை என்று யாராவது தன்னிடம் சண்டைக்கு வரக்கூடாது என்பதற்காக எழுதி வைத்தாள். அவ்வளவுதான்.

பங்குனி இருபத்து நாலு, செவ்வாய்க்கிழமை பின்னேரம் அந்தக் கொப்பியைத் தேடி அஜந்தா ஹவுன்ஸ்லோவுக்கு வந்தாள்.

வன்னிப் போர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் சத்தத்தை ஆனந்தராஜா குறைத்தார். அந்த மாதங்களில் ஒரு வீட்டிலும் அது நிறுத்தப்படவில்லை. அஜந்தாவின் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு வெளிச்சம் இருந்தது.

“அத்தான், கேளுங்கோ. தொண்ணூற்று நாலு பேரில முப்பத்தொரு பேர். குழாயை மெசினில சுத்திப்போட்டுப் பார்த்தால் மேல பால் மாதிரி ஒரு படை. பன்னிரண்டு மணித்தியாலம் வெறும் வயிறு, அதுக்குப் பிறகும் லொறி றோட்டில நிக்குது!”

“மச்சாள், அதுக்குப் பாக்கிங் டிக்கெற் அடிக்க ஏலாதோ?” என்றார் ஆனந்தராஜா.

“பகிடியை விடுங்கோ. எங்கட ஆய்வுகூடப் பேராசிரியர் தானே வந்து குழாயைத் தூக்கிப் பார்த்தவர். மூண்டிலொரு பங்கு எண்டு ஒருத்தரும் இதுவரை காணேல்லையாம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்போணும். முதல் பெயர் என்ரதான். அது போனால் ஆனியோட முடியிற வேலை இன்னும் மூண்டு வருசத்துக்கு நீளும், எனக்கெண்டு ஒரு தனி ஆய்வு தருவினம். இல்லாட்டித் திரும்பக் குழாய் கழுவப் போகவேண்டியதுதான்.”

கடைசி வரியை அவள் சிரித்தபடி சொன்னாள். ஆனால் அது பகிடி இல்லை என்று மற்ற இருவருக்கும் தெரியும்.

“அந்த முப்பத்தொரு ஆக்கள் வந்த நேரம் மட்டும் வேணும் அக்கா. நான் இலக்கத்தைச் சொல்லுறன், நீங்கள் நேரத்தைச் சொல்லுங்கோ. ஏழு?”

“ஒன்பது பத்து.”

“எட்டு?”

“ஒன்பது பத்து. ரெண்டு பேரும் ஒண்டா வந்தவை.”

“பன்னிரண்டு?”

அப்படியே போனது. விரலை நேர நிரலில் வைத்து வாசித்துக்கொண்டு போன சிவனேஸ்வரியின் கண், பதினைந்தாம் இலக்கத்தளவில் பக்கத்து நிரலுக்கு நழுவியது. இல்லை. இல்லை. இல்லை. செருப்பு இல்லை. ஒரு இடத்தில் மட்டும் ‘உண்டு’ என்று இருந்தது. பிறகு திரும்பவும் இல்லை, இல்லை.

“நாற்பத்தொண்டு?”

சிவனேஸ்வரியின் விரல் அந்த வரியில் நின்றது.

“அக்கா, நாற்பத்தொண்டு.”

“ஒன்பது ஐம்பது,” என்றாள். நாற்பத்தொன்று அவளேதான். வேலை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், தொகை கூடட்டும் என்று தானும் ஒரு படிவம் நிரப்பிக் கை நீட்டியிருந்தாள்.

“நானோ? நான் ஒண்டும் சாப்பிடேல்லையே,” என்று வாய் வரை வந்தது. அது வெளியே வரவில்லை. அதற்கு முன், அந்த ஞாயிறு விடிய ஆறரை மணிக்குக் கோயிலுக்குள் நீட்டிய தன் உள்ளங்கை அவளுக்கு ஞாபகம் வந்தது. வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் புக்கை, சூடான பொங்கல். நெய் விரலிடுக்கால் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. கோப்பிக் கேத்திலோடு வந்த ஆளிடம், “எனக்கு வேண்டாம், இரத்தம் குடுக்கப்போறன்,” என்று சொல்லி, அதே கையால்தான் புக்கையை வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டாள்.

அஜந்தா மீதி இலக்கங்களை எழுதிக்கொண்டு, அக்கா போட்ட முட்டைப் புட்டை நின்ற நிலையில் தின்றுவிட்டு, ஹரோவுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். சிவனேஸ்வரி கதவைச் சாத்திவிட்டுத் திரும்ப வந்து கொப்பியை விரித்தாள். தங்கை கேட்ட இலக்கம் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாள். முப்பத்தொன்றில் செருப்பில்லாமல் வந்தவர்கள் இருபத்தொன்பது. மற்றப் பக்கம், பால் படியாத அறுபத்து மூன்று பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் தெரு வாசலால் சப்பாத்தோடு வந்தவர்கள். மூன்று தரம் எண்ணினாள். மூன்று தரமும் அதே கணக்கு.

அடுத்தநாள் பகல் வேலை முடிந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் ஹரோவுக்குப் போனாள். இராசரத்தினம் கோயில் அலுவலகத்தில் மின்விளக்கு ஒன்றைக் கழற்றி வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, தை நாலாம் திகதி விடியப் பூசைக்கு என்ன பிரசாதம் குடுத்தனீங்கள்?”

“ஏன், இப்பவும் பசிக்குதோ?” என்று சிரித்தார். “அண்டைக்கு உபயகாரர் ஒரு வைர நகைக்கடைக்காரர். விடுவரோ? சர்க்கரைப் புக்கை, அவல், தேங்காய்ச் சொட்டுப் போட்ட கடலை. நாலு கிலோ நெய், தங்கச்சி! ஐயருக்கே கரண்டி வழுக்கினது.”

“வந்த ஆக்கள் எல்லாரும் வாங்கினவையோ?”

“வாங்காமல்? குடுக்கேக்க வேண்டாம் எண்டு சொல்லுற சைவக்காரன் இருக்கிறானோ?”

“இரத்தம் குடுக்க வந்தவை?”

“அவையும்தான், நானும்தான். கோப்பிக்குத்தான் ஒருத்தரும் வரேல்லை. ரெண்டு கேத்தில் கோப்பியை நான் ஊத்திக் கழுவினனான்.”

“சாப்பிடக்கூடாது எண்டு நாங்கள் சொன்னனாங்கள் எல்லே?”

இராசரத்தினம் விளக்கைக் கீழே வைத்துவிட்டு அவளை உண்மையான வியப்போடு பார்த்தார். “பிரசாதம் சாப்பாடோ, தங்கச்சி?”

மூன்று மாதத்துக்கு முன் யாராவது தன்னிடம் கேட்டிருந்தால் தானும் இதையேதான் கேட்டிருப்பாள்.

புதன் இரவுச் சாப்பாட்டில் ஆனந்தராஜாவிடம் சொன்னாள். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே இருந்தார்.

“இது உன்னைத் தவிர ஆருக்குத் தெரியும்?”

“ஒருத்தருக்கும் தெரியாது.”

“அப்ப வாயை மூடிக்கொண்டிரு. ஒரு வாய்ப் புக்கைக்காகப் பிள்ளையின்ர பதினாலு வருசத்தைக் கெடுக்கப்போறியே?”

“பொய்யெல்லே அனுப்பப்போறாள்.”

“அவள் பொய் சொல்லேல்லை. தெரியாமல் அனுப்பினால் பொய்யோ? நீ சொன்னால்தான் அவளுக்குத் தெரிய வரும். பிறகுதான் அது பொய்.”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. வியாழன் முழுதும் வேலையில் அவள் கை தானாக எழுதியது: மீன் தட்டு, நாலு பாகை, ஐந்து இருபது. தவறான கேள்வியைக் கேட்டது அவள்தான். தொண்ணூற்று நாலு பெட்டியில் சரி போட்டதும் அவள்தான். சரி போடும்போது தன் வயிற்றுக்குள்ளேயே புக்கை இருந்தது. மத்தியானம் சேகர் வந்து அவளுடைய தாளைப் பார்த்தார்.

“சிவா, இதில கோழி எண்டு எழுதியிருக்கு. இது மரக்கறி.”

பத்தொன்பது ஆண்டில் அதுவே முதல் தடவை. தாளை வாங்கித் திருத்தினாள். உடுப்பு மாற்றும் அறைக்குப் போய்த் தங்கைக்கு அழைத்தாள்.

அஜந்தா ஹரோவில் வாடகைக்கு இருந்த அறைக்கு மாலை ஆறு மணிக்குச் சிவனேஸ்வரி போய்ச் சேர்ந்தாள். கட்டிலின் மேல் தாள்கள் பரவியிருந்தன. நாளைக்கு அனுப்ப வேண்டியது கணினியில் திறந்திருந்தது. சிவனேஸ்வரி கதிரையில் இருக்கவில்லை. கொப்பியைத் திறந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்: செருப்பு, நெய், நாற்பத்தொன்று.

அஜந்தா கொப்பியை வாங்கிக் கட்டிலில் வைத்து, தன் தாளில் இருந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக அதில் தேடினாள். தேடி முடித்ததும் பேனையை மூடினாள்.

“நீங்கள்தானே கேட்டனீங்கள்.”

“ஓம்.”

“ஒவ்வொருத்தரையும் கேட்டனீங்கள். நீங்களும் இல்லை எண்டு எழுதினீங்கள்.”

“ஓம்.”

“தட்டில ஒரு பாகை கூடினால் பிளேனையே நிப்பாட்டுற ஆள் நீங்கள், அக்கா!”

“சாப்பிட்டது எண்டு என்ர மனசில படேல்லையடி. என்ன செய்யச் சொல்லுறாய்?”

“ஏன் செவ்வாய்க்கிழமையே சொல்லேல்லை?”

“உன்ர முகத்தைப் பார்த்தன்.”

அஜந்தா எழும்பி யன்னலருகே போனாள். கீழே மெட்ரோபொலிற்றன் ரயில் ஒன்று போய் முடியும் வரை அப்படியே நின்றாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது; குரல் கலங்கவில்லை.

“கேள்வியை எழுதினது நான். பிரசாதம் எண்டு ஒரு சொல் அதில இல்லை. வெள்ளைக்காரன் எழுதியிருந்தால் அவனுக்குத் தெரியாது எண்டு விடலாம். எனக்குத் தெரியாதோ? அண்டைக்கு விடிய நானும் அங்க நிண்டனான். ஊசி, குழாய் அடுக்கிற அவசரத்தில எனக்கு ஒருத்தரும் நீட்டேல்லை. நீட்டியிருந்தால் நானும் வாங்கியிருப்பன்.”

“இப்ப என்ன செய்யப்போறாய்?”

“நாளைக்கு ஒன்பது மணிக்குப் பேராசிரியர் வருவார். கொப்பியோட நீங்களும் வாங்கோ. நான் சொன்னால் ஒரு கதை. கொப்பி சொன்னால் ஆதாரம்.”

வெள்ளிக்கிழமை சிவனேஸ்வரி பத்தொன்பது ஆண்டில் இரண்டாவது தடவையாகச் சுகமில்லை என்று விடுப்பு எடுத்தாள். பேராசிரியர் நெடிய ஆள். சைக்கிளில் வந்த வேகத்தில் காற்சட்டையின் ஒரு காலில் கிளிப் இன்னும் கழற்றப்படாமல் இருந்தது. அஜந்தா ஆங்கிலத்தில் சொன்னாள், ஒன்றையும் மெருகு பூசாமல். சிவனேஸ்வரிக்கு முழுவதும் விளங்காவிட்டாலும், எந்த இடத்தில் அவருடைய முகம் இறுகியது என்று தெரிந்தது.

“ஆக, மூன்றிலொரு பங்கு என்பது காலைச் சாப்பாடு,” என்றார்.

“ஓம். நாலு கிலோ நெய்.”

அவர் சிரிக்கவில்லை. கொப்பியைக் கேட்டு வாங்கினார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் இலக்கமும் நேரமும் தெரியும். விரலால் கீழே கீழே இறங்கிக்கொண்டு போனார். முப்பத்தொன்றையும் பார்த்து முடித்துவிட்டு, கடைசி நிரலில் வேறு சொல் இருந்த இரண்டு இலக்கங்களில் விரலை வைத்தார்: பத்தொன்பது, அறுபத்தாறு.

“இவை?”

அஜந்தா வாய் திறப்பதற்குள் சிவனேஸ்வரி சொன்னாள், தன் சமையற்கூட ஆங்கிலத்தில். “அவை சப்பாத்தோடு. தெருவால் வந்தவை. கோயிலுக்குள் போகவே இல்லை.”

“நிச்சயமாக?”

“என்னுடைய எழுத்து.”

அவர் அவளை முதல் தடவையாக நேரே பார்த்தார். பிறகு அஜந்தாவிடம் திரும்பினார். “இந்த இருவருக்கும் இன்றே தெரியவேண்டும். சாப்பிடாமலே இப்படி என்றால் அவர்களுடைய வைத்தியர் பார்க்கவேண்டிய விசயம்.”

“ஓம். இண்டைக்கே எழுதுறன்.”

“மாநாட்டுக்கு அனுப்ப ஒன்றும் இல்லை.”

“இல்லை.”

“மூன்று ஆண்டு நீடிப்பைக் கேட்க என்னிடமும் ஒரு காரணம் இல்லை. அது உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

சிவனேஸ்வரி கொப்பியின் மூலையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்ற நினைப்பு அப்போதும் ஒருமுறை வந்து போனது. அவள் அதை ஒளிக்கவில்லை, தங்கையைப் பார்த்தாள். தங்கை அவளைப் பார்க்கவில்லை, பேராசிரியரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆனி வரைக்கும் எனக்குச் சம்பளம் இருக்கு,” என்றாள் அஜந்தா. “சித்திரையில திரும்ப எடுக்கிறன். கோயிலில இல்லை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில. கேள்வியைத் திருத்தி எழுதுறன். அதே ஆக்களைக் கூப்பிடுறன்.”

“வருவார்களா?”

அஜந்தா அக்காவிடம் தமிழில் திரும்பினாள். “வருவினமோ?”

“இழுத்துக்கொண்டு வாறன்,” என்றாள் சிவனேஸ்வரி. “இராசரத்தினத்தாரை முதல்.”

பேராசிரியருக்கு மொழிபெயர்க்காமலே அது விளங்கியது போல. காற்சட்டைக் கிளிப்பைக் கழற்றிப் பையில் போட்டார். அலுமாரியில் இருந்து இரண்டு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஆய்வு நடந்த விதத்தில் பிழை ஏற்பட்டால் நெறிமுறைக் குழுவுக்கு அறிவிக்கும் படிவம் அது. எந்த இரத்தம் பயன்படாது, ஏன், இனி என்ன செய்யப்படும் என்று எழுதவேண்டும். அஜந்தா அங்கேயே இருந்து எழுதினாள். இடையில் ஒருமுறை அக்காவிடம் “எத்தனை மணிக்குக் குடுத்தவை?” என்று கேட்டாள், “ஆறரை,” என்றாள் சிவனேஸ்வரி. இரண்டாம் பக்கத்தின் அடியில் ‘ஆய்வுக்குப் பொறுப்பானவர்’ என்று ஒரு கோடு. அந்த ஆய்வுகூடத்தில் இருந்து வெளியே போன எந்தத் தாளிலும் அந்தக் கோட்டில் பேராசிரியரின் கையெழுத்துத்தான் இருக்கும். அஜந்தா தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அதைத் திரும்ப அவள் பக்கமே நகர்த்தினார்.

“நீ எழுதிய கேள்வி, நீ கண்டுபிடித்த பிழை. நீயே போடு.”

தண்டனையா, வேறேதாவதா என்று அவருடைய முகத்தில் சிவனேஸ்வரியால் வாசிக்க முடியவில்லை. அஜந்தா அதை வாசிக்கப் பார்க்கவும் இல்லை. பேனையைத் திறந்தாள், கோட்டின் மேல் தன் முழுப்பெயரையும் எழுதினாள். பக்கத்தில் இருந்த சிறிய பெட்டிக்குள் திகதியை இட்டாள்.

2009 பங்குனி 27.